மாமியாரின் தோடு

"தோடு வந்திட்டுதோ பிள்ளை?"

வெள்ளிக்கிழமை எண்டால் மலரக்கா வருவா. கோயிலாலை நேரை எங்கடை கடல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, வாசலிலை செருப்பைக் கழட்டி வைச்சிட்டு, கதவுக்குள்ளை தலையை நீட்டிக் கேப்பா. இது கந்தோர் அக்கா, செருப்போடை வரலாம் எண்டு நான் சொல்லாத நாள் இல்லை. அவ கேட்டால்தானே.

"இன்னும் கழரேல்லை அக்கா."

"கழண்டு வந்தால் எனக்கு ஒண்டு மட்டும் பாத்துச் சொல்லு. பிள்ளை சோத்துப் பாசலை அவிட்டுச் சாப்பிட்டவனோ? அது தெரிஞ்சால் காணும்."

"சொல்லுறன் அக்கா."

"பசி தாங்கமாட்டான் நிரோசா. உனக்குத் தெரியுந்தானே."

தெரியும். சாருஜன்ரை வயிறு வெள்ளிமுனையிலை ஆருக்குத் தெரியாது? கலியாண வீட்டிலை பந்தியாலை எழும்பிக் கையைக் கழுவிப்போட்டு, அடுத்த பந்தியிலை ஒண்டும் தெரியாதவன் மாதிரிப் போய் இருக்கிறவன். ஆரும் பிடிச்சுக் கேட்டால், "அது என்ரை தம்பி, பாக்க என்னைப் போல இருப்பான்" எண்டு சொல்லுவான். அவனுக்குத் தம்பியும் இல்லை, ஒருத்தரும் இல்லை. மலரக்காவுக்கு அவன் ஒண்டுதான்.

போன வாடைக்காத்துக் காலத்திலை அவன் கடலிலை போனவன். உடம்பு வரேல்லை. தேடப் போன ஆக்கள் அவன்ரை தண்ணிக் கானை மட்டும் கொண்டு வந்தவை. அண்டையிலை இருந்து அந்த மனிசி என்னட்டைக் கேக்கிற ஒரே கேள்வி இதுதான். ஏன் செத்தவன் எண்டு கேக்கேல்லை, ஆர் பிழை எண்டும் கேக்கேல்லை. சாப்பிட்டவனோ?

தோடு எண்டதும் காதிலை போடுற தோடு எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. சுறாவின்ரை முதுகுச் செட்டையிலை பூட்டுற ஒரு சின்னக் கருவி. கந்தோரிலை அதுக்கு வாயிலை நுழையாத ஒரு பேர் இருக்கு. எங்கடை பெடியள் தோடு எண்டிட்டாங்கள், அதுவே நிலைச்சுப் போச்சு.

ஏன் சுறாவுக்குத் தோடு? இந்தத் தீவைச் சுத்தின கடலிலை ஒரு காலத்திலை சுறா இல்லாமலே போட்டுது. செட்டைக்காக வெட்டினவை. வெட்டிப்போட்டு உடம்பை உயிரோடை கடலிலை தள்ளினவை. வேறை ஆரோ செய்தது எண்டு கையைக் கழுவ ஏலாது, என்ரை ஐயாவும் வெட்டினவர்தான். சுறா போனாப்பிறகுதான் தெரிஞ்சது அது என்ன வேலை பாத்ததெண்டு. திருக்கை பெருகி, அடியிலை கிடந்த சிப்பி, நண்டு எல்லாத்தையும் கிண்டித் திண்டது. மற்ற மீன்களும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாய்ப் போச்சுது. வலை வெறுமனே வந்தது. அதுக்குப் பிறகுதான் அரசாங்கம் முழிச்சு, மிஞ்சிக் கிடந்த பெண் சுறா எல்லாத்துக்கும் தோடு பூட்டினது. தோடு போட்ட சுறா கிட்ட வந்தால் வள்ளத்தின்ரை வேலை நிக்கும். அதுக்குப் பேர் பூட்டு.

முதலிலை வலை இழுக்கிற வின்சைத்தான் பூட்டினவை. எங்கடை ஆக்கள் லேசுப்பட்டவையோ? கையாலை இழுத்தினம். பிறகு இஞ்சினையும் பூட்டினவை. இப்ப எல்லாம் பற்றரி இஞ்சின்தானே, உள்ளுக்கை ஒரு பெட்டி இருக்கு. சுறா வட்டத்துக்குள்ளை வந்தால் இஞ்சின் கப்சிப். கொஞ்சநேரம் மிதந்து கொண்டு கிடந்தால் சுறா தன்ரை பாட்டுக்குப் போகும், இஞ்சின் வேலை செய்யும். ஆருக்கும் பெரிய கரைச்சல் இல்லை. மீனும் திரும்பி வந்தது, அதையும் சொல்லத்தான் வேணும். அஞ்சு வருசத்திலை வலை திரும்பக் கனத்தது.

எங்கடை பக்கத்திலை சுத்துறது ஒரு பெரிய புலிச்சுறா, பெண். அதுக்கு மாமியார் எண்டு பேர் வைச்சவனே சாருஜன்தான். "அவ வந்தால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு இருக்கோணும். கலியாணம் கட்டாமலே எனக்கு ஒரு மாமியார்" எண்டு சொல்லிச் சிரிப்பான். அவ தோட்டோடை வாறதும் பொருத்தம்தானே. என்னையும் விடுறேல்லை. "நிரோசாக்கா, மாமியாருக்குச் சம்பந்தி நீங்கள்தான், கொஞ்சம் சொல்லி வையுங்கோ" எண்டு றோட்டாலை போகேக்கை கத்துவான்.

இக்கட்டு எண்டால் பூட்டைத் திறக்கவும் ஒரு வழி இருந்தது. பெட்டியிலை ஒரு பட்டன். அமத்தினால் கொழும்பிலை இருக்கிற மிசினுக்குப் போகும், மிசின் பாத்துத் திறந்து விடும். முதலிலை ஆக்கள்தான் அந்த வேலையைச் செய்தவை. ஆக்கள் இருந்தால் சொந்தக்காரனுக்கும் தெரிஞ்சவனுக்கும் திறந்து விடுவினம் எண்டு மிசினிட்டைக் குடுத்தவை. அது உண்மையும்தான். என்னட்டைத் திறப்பு இருந்திருந்தால் நான் ஆருக்கும் மாட்டன் எண்டு சொல்லியிருக்க மாட்டன்.

சாருஜன் போன அண்டைக்கு மத்தியானம் காத்து எழும்பப் போகுதெண்டு அறிவிச்சவை. வள்ளமெல்லாம் திரும்பிட்டுது, சாருஜன் ஒருத்தனைத் தவிர. அவனோடை போற பெடியனுக்குக் காய்ச்சல், இவன் தனியத்தான் போனவன். கரை கண்ணுக்குத் தெரியிற தூரத்திலை இஞ்சின் நிண்டிட்டுது. எங்கடை மீனவர் சங்கக் கட்டிடத்திலை இருந்த ரேடியோ செற்றுக்குக் கூப்பிட்டான். நாங்கள் எல்லாரும் அங்கைதான் நிண்டம்.

"மாமியார் வந்திட்டா. பட்டனை அமத்தினன், சிவப்பு லைற்தான் எரியுது. திறக்கேல்லை."

சங்கத் தலைவர் அருந்தவண்ணை, "திரும்ப அமத்தடா" எண்டார். அமத்தினான். திரும்பவும் சிவப்பு. போய்க் கட்டி இழுத்து வருவம் எண்டால், போற வள்ளமும் வட்டத்துக்குள்ளை போக நிண்டு போகும். அந்தக் காத்துக்குத் துடுப்பு என்ன செய்யும்?

அப்பத்தான் மலரக்கா செற்றைப் பறிச்சு வாங்கினவ.

எங்கடை ஊரிலை கடல்பங்கு எண்டு ஒரு வழக்கம். கடலிலை ஆர் மாட்டுப்பட்டாலும் வள்ளத்திலை இருக்கிறதிலை கொஞ்சத்தைத் தண்ணியிலை விட்டு, "உன்ரை பங்கை எடு, என்ரை வழியை விடு" எண்டு சொல்லோணும். புதுத் தொழில் தொடங்கிற நாளிலை கரையிலை நிண்டு முதல் பங்கு விடுறது மலரக்காதான். அவவின்ரை கை ராசி எண்டு ஊருக்கு நம்பிக்கை.

"மோனை, பயப்பிடாதை. பங்கைக் குடு. என்ன இருக்கோ குடு. கடல் விடும்."

"அம்மா, உங்கடை பகிடி…"

"குடு எண்டு சொல்லுறன். குடுத்துக் கொண்டே இரு. விடும்."

"சரி அம்மா, குடுக்கிறன்" எண்டான். அதுதான் நாங்கள் கேட்ட கடைசிச் சத்தம். பிறகு செற் இரைஞ்சது, காத்து வந்திட்டுது.

*

தோடு கழருறதுக்கு ஒரு தவணை இருக்கு. தவணை முடியத் தன்ரை பாட்டுக்குக் கழண்டு மிதக்கும், நாங்கள் தேடி எடுத்து, உள்ளுக்கை கிடக்கிற பதிவை இறக்குவம். அதிலை ஒரு காதும் இருக்கு. டைனமைற் போட்டு மீன் அடிக்கிறவங்களைப் பிடிக்கிறதுக்காக வைச்சது. சுத்துவட்டாரத்திலை என்ன சத்தம் கேட்டாலும் அது கேட்டு வைச்சிருக்கும். இது மலரக்காவுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்காதேங்கோ. நான்தான் ஒருநாள் அவவின்ரை அழுகை தாங்கேலாமல் சொல்லிப்போட்டன்.

அருந்தவண்ணைதான் தோட்டைக் கொண்டு வந்தார். வலையிலை சிக்கி வந்ததாம். மேசையிலை வைச்சிட்டு, போகாமல் நிண்டார்.

"என்னண்ணை?"

"ஒண்டுமில்லை." வாசல்மட்டும் போய்த் திரும்பிப் பாத்தார். "கேக்கிறது கேள் பிள்ளை. ஆனால் எல்லாத்தையும் ஆருக்கும் சொல்லோணும் எண்டில்லை."

எனக்கு அப்ப அது விளங்கேல்லை.

எங்கடை பொறுப்பதிகாரி கலாநிதி ஃபர்ஸானா. கிழக்குப் பக்கத்து ஆள், என்னிலும் வயது குறைவு, சுறா எண்டால் உயிர். மாமியாருக்குத் தோடு பூட்டினதே அவதான், தன்ரை கையாலை. அண்டைக்குக் காலமை ரெண்டு பேரும் கதவைச் சாத்திப்போட்டுப் பதிவைக் கேட்டம்.

முதலிலை வெறும் தண்ணிச் சத்தம். பிறகு ஒரு இஞ்சின் வந்தது, நிண்டது. வள்ளத்தின்ரை அடிப்பலகை தண்ணிக்குள்ளை காது மாதிரித்தானே, மேலை கதைக்கிறதெல்லாம் கீழை வரும். சாருஜன்ரை குரல் கிணத்துக்குள்ளை இருந்து கதைக்கிற மாதிரிக் கேட்டது.

"வாணை மாமியார். இண்டைக்குத்தானோ உனக்கு வர நேரம் கிடைச்சது?"

சிரிச்சான். பிறகு செற்றிலை மலரக்காவின்ரை குரல், அதுவும் கேட்டது. பங்கைக் குடு மோனை.

பிறகு, தொம். தண்ணியிலை ஏதோ விழுந்தது. "உன்ரை பங்கை எடு, என்ரை வழியை விடு." கூச்சத்தோடைதான் சொன்னான். அவன் இந்த வழக்கத்தை எப்பவும் பகிடி பண்ணுறவன். பக்கத்திலை ஒரு பெரிய உடம்பு தண்ணியைக் கிழிச்சுத் திரும்பின இரைச்சல், பிறகு மீனை நொருக்கிற சத்தம். திரும்பத் தொம். திரும்ப அதே சொல்லு.

ஃபர்ஸானா பதிவை நிப்பாட்டினா.

"நிரோசா, அவர் மீன் போடுறார்."

"ஓம். கடல்பங்கு. எங்கடை ஊர் வழக்கம்."

"போட்டா அவ போவாவா? சாப்பாடு கிடைக்கிற இடத்தை விட்டுட்டு எந்தச் சுறா போகும்? அவ அங்கேயே நிண்டிருக்கா. அவ நிக்கும் வரைக்கும் பூட்டுத் திறக்காது."



"இன்னொண்டு இருக்கு" எண்டா. "சுறா இரை தின்னுறது தோட்டுக்குத் தெரியும், அது மிசினுக்கும் போகும். வள்ளத்துக்குப் பக்கத்துல சுறா திரும்பத் திரும்ப இரை தின்னுதுன்னா, மிசின் என்ன நினைக்கும்? இந்த ஆள் இரை போட்டுச் சுறாவைப் பிடிக்கப் பாக்கிறார்னுதான் நினைக்கும். அதனாலதான் மறுத்திருக்கு. முதல்ல ரெண்டு தடவை பட்டனை அமத்தினப்போ எரிஞ்ச சிவப்பு மறுப்பு இல்ல, மிசின் இன்னும் பாத்து முடிக்கல, கொஞ்சம் பொறுத்துத் திறந்திருக்கும். அதுக்குள்ள இவர் போடத் தொடங்கிட்டார்."

"ஏன் மறுக்கிறன் எண்டு அந்தக் கோதாரி மிசின் சொல்லாதோ? ஒரு வார்த்தை? இரை போடாதை எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நிப்பாட்டியிருப்பானே!"

"காரணம் சொன்னாக் கள்ளனுக்குத் தப்புற வழி தெரிஞ்சிரும்னு சொல்லாம விட்டாங்க. சிவப்பு லைற் மட்டும் போதும்னு முடிவு." கண்ணைத் துடைச்சா. "அந்தக் கூட்டத்துல நானும் இருந்தன். எனக்கும் அது சரியாத்தான் பட்டிச்சு."

அவவிலை கோவிக்கோணும் போலை இருந்தது. ஆனால் கண்ணாலை தண்ணி ஓடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையிலை என்னத்தைக் கோவிக்கிறது?

மிச்சத்தையும் கேட்டம். மீன் முடிஞ்சுது. காத்துச் சத்தம் கூடக்கூட அவன்ரை குரலிலை பகிடி குறைஞ்சு, கூச்சமும் போய், கடைசியிலை மெய்யாவே கும்பிடுற மாதிரிச் சொன்னான். உன்ரை பங்கை எடு. என்ரை வழியை விடு. பிறகு கடதாசி கசங்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, மீனெல்லாம் முடிஞ்சுது. இனிப் பாசல்தான் கிடக்கு. கணவாய்க் கறி வைச்சிருக்கிறியள் போலை, வாசம் வருது." அவளவு நேரமும் அதைத் தொடாமல் வைச்சிருந்திருக்கிறான். "சரி, இதையும் குடுக்கிறன். வந்து சாப்பிடுறன்."

தொம்.

அதுக்குப் பிறகு கேட்டதை நான் எழுத மாட்டன்.

*

விசாரணைக் குழு வரப் போகுது எண்டு ஏற்கெனவே அறிவிச்சிருந்தவை. சாருஜன் இரை போட்டுச் சுறா பிடிக்கப் பாத்தவன், மிசின் மறுத்தது சரி எண்டு ஒரு கதை மேலிடத்திலை ஓடிக்கொண்டிருந்தது. ஊர் கொதிச்சுப்போய் இருந்தது. ஃபர்ஸானா சொன்னா, இந்தப் பதிவை முழுசாய்ப் போட்டுக் காட்டினால் பூட்டின்ரை விதியையே மாத்தலாம், இனி ஒருத்தனும் இப்பிடிச் சாக வேண்டி வராது எண்டு.

"முழுசா எண்டால் மலரக்காவின்ரை குரலும்."

"ஓம்."

"தாய் சொல்லித்தான் பிள்ளை செத்தவன் எண்டு ஊருக்கு முன்னாலை அந்த மனிசிக்குக் காட்டப் போறமோ? நான் விடமாட்டன் மிஸ். சத்தம் வேண்டாம். மிசின்ரை பதிவை மட்டும் குடுப்பம்."

"அது காணாது நிரோசா."

"காணாட்டிக்குப் போகட்டும்!"

சத்தம் போட்டிட்டன். "அவங்களை உங்களுக்குத்தான் தெரியும்" எண்டு மட்டும் சொன்னா.

அண்டைக்குப் பின்னேரம் மலரக்கா வீட்டை போனன். முத்தத்திலை கருவாடு காயப்போட்டுக் கொண்டு நிண்டா. மெலிஞ்சு, சட்டைக்குள்ளை ஆள் இல்லாத மாதிரி. சமைக்கிறேல்லை, பக்கத்து வீட்டுக்காரர் குடுக்கிறதைக் கொறிச்சுப்போட்டு இருக்கிறா எண்டு எல்லாருக்கும் தெரியும். என்னைக் கண்டதும் கையிலை இருந்த கருவாட்டைக் கீழை வைச்சா.

"வந்திட்டுதோ?"

"ஓம் அக்கா."

அவ நிண்ட நிலையிலை நிண்டா. என்ரை வாயைத்தான் பாத்துக்கொண்டு நிண்டா.

"சாப்பிட்டவன் அக்கா."

"மெய்யே?"

"ஓம். இஞ்சின் நிண்டதும் பாசலைத்தான் அவிட்டவன். கடதாசிச் சத்தம் வடிவாய்க் கேட்டது. அம்மா கணவாய் வைச்சிருக்கிறா எண்டு மாமியாருக்கும் சொன்னவன்."

"கணவாய்தான்!" எண்டா. முகம் மலர்ந்தது, அந்தப் பேருக்கு ஏத்த மாதிரி. "கணவாய்ப் பிரட்டல்தான் வைச்சனான். முழுக்கத் திண்டவனோ?"

"முழுக்கத்தான். ஒரு சோறு மிச்சமில்லை."

அவ வாசல் குந்திலை இருந்து கொண்டு சிரிச்சா, பிறகு அழுதா, பிறகு எழும்பிப் போய் அடுப்பை மூட்டினா. "இரு பிள்ளை, சாப்பிட்டிட்டுப் போ" எண்டா. சோறும் சொதியும். எனக்குப் போட்டிட்டு, தானும் ஒரு கோப்பை நிறையப் போட்டுக் கொண்டு என்ரை முன்னாலை இருந்து சாப்பிட்டா. திரும்பவும் போட்டுச் சாப்பிட்டா. எனக்கு ஒரு வாய் இறங்கேல்லை. அவ சாப்பிடுறதைப் பாத்துக்கொண்டு இருந்தன். பொய் சொன்னதுக்கு எனக்குக் கவலையே வரேல்லை. நூறு பொய்யும் சொல்லியிருப்பன்.

*

விசாரணை சங்கக் கட்டிடத்திலைதான் நடந்தது. கொழும்பிலை இருந்து மூண்டு பேர் வந்தவை. நடுவிலை இருந்த ஐயா சிங்களத்திலை கதைக்க, மேசையிலை இருந்த ஒரு பெட்டி அதைத் தமிழிலை சொல்லிச்சுது, செய்தி வாசிக்கிறவன் மாதிரி. ஊர் முழுக்க வந்து நெருக்கியடிச்சு நிண்டது. மலரக்கா முன்வரிசையிலை, வெளுத்த சீலையோடை. அவவுக்குப் பக்கத்துக் கதிரையிலை ஒருத்தரும் இருக்கேல்லை. அதைக் கண்டதும் எனக்கு என்னவோ போலை இருந்தது.

ஃபர்ஸானா மிசின்ரை பதிவைக் காட்டி, மறுப்பு எப்பிடி நடந்ததெண்டு சொன்னா. பெட்டி சிங்களத்திலை சொல்லி முடிஞ்சதும் ஐயா தலையை ஆட்டினார். கெட்ட மனிசன் இல்லை, களைச்ச மனிசன்.

"பதிவின்படி இந்த மீனவர் திரும்பத் திரும்ப இரை போட்டிருக்கிறார்" எண்டது பெட்டி. "அப்படியானால் கருவி மறுத்தது சரிதானே? அவர் ஏன் இரை போட்டார்? அதற்கு வேறு காரணம் இருக்கிறதா?"

அருந்தவண்ணை எழும்பினார். "ஐயா, அது இரை இல்லை…" எண்டு தொடங்கினவர், மலரக்காவின்ரை முதுகைப் பாத்தார். அப்பிடியே இருந்திட்டார்.

வேறை ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நான் சனத்தைத் திரும்பிப் பாத்தன். எல்லாரும் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டினம். அப்பத்தான் எனக்கு உறைச்சது. அண்டைக்கு மத்தியானம் இதே கட்டிடத்திலைதானே எல்லாரும் நிண்டு கேட்டவை? கடலிலை கிடந்து வளந்த ஆக்களுக்குச் சுறா எதுக்கு நிக்கும் எண்டு நிலையம் வந்து சொல்லோணுமோ? எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருந்தது. இவளவு மாதமும் ஒரு ஊரே வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கு, அந்த ஒருத்திக்காக.

"பதில் இல்லையா?" எண்டது பெட்டி.

மலரக்கா எழும்பினா.

"அது இரை இல்லை ஐயா. பங்கு. நான்தான் போடச் சொன்னனான்."

"அக்கா…" எண்டன்.

"நீ இரு பிள்ளை." அவ என்னைப் பாக்கேல்லை, மேசையிலை இருந்த பெட்டியைப் பாத்துத்தான் கதைச்சா, அதுதான் பெரிய ஆள் எண்ட மாதிரி. "அவன் இதையெல்லாம் நம்பாதவன். பகிடி பண்ணுறவன். நான் சொல்லாட்டிக்கு ஒரு மீன்கூடப் போட்டிருக்க மாட்டான். சும்மா கிடந்திருப்பான், அந்தச் சுறா போயிருக்கும், பிள்ளை வந்திருப்பான். குடுத்துக் கொண்டே இரு எண்டு நான் சொன்னனான். என்ரை பிள்ளை கள்ளன் இல்லை. தாய் சொல்லுக் கேட்டவன்."

பெட்டி அதையும் சிங்களத்திலை அதே குரலிலை சொல்லி முடிச்சுது.

"தோட்டிலை சத்தம் இருக்கு" எண்டா மலரக்கா. "நிரோசா, போடு."

"அக்கா, வேண்டாம் அக்கா. கும்பிட்டன்."

அப்பத்தான் என்னட்டைத் திரும்பினா. கோவம் இல்லை. சின்னப் பிள்ளையைப் பாக்கிற மாதிரிப் பாத்தா.

"மீனெல்லாத்தையும் குடுத்தவன் சோத்தை வைச்சுக்கொண்டு இருந்திருப்பானோ? நான் குடு குடு எண்டு சொல்ல? எனக்குத் தெரியாதே என்ரை பிள்ளையை? நீ சின்னனிலையே பொய் சொல்லேக்கை மூக்கைச் சொறியிறனி. அண்டைக்கும் சொறிஞ்சனி. உன்ரை பொய்யிலை ஒருநேரம் வயிறாறச் சாப்பிட்டனான் பிள்ளை. அது காணும் எனக்கு. இப்ப போடு. மற்றத் தாய்மாற்றை பிள்ளையள் இருக்கு."

போட்டன்.

இஞ்சின் நிண்டது. வாணை மாமியார் எண்டு அவன் சிரிச்சது. சனத்துக்குள்ளை ஆரோ விம்மிச்சினம். பிறகு அவவின்ரை குரல், அவவே கேக்க. பங்கைக் குடு மோனை. மேசையிலை இருந்த பெட்டி அதைச் சிங்களத்திலை சொல்லத் தொடங்கினது. ஐயா கையை நீட்டி அதை நிப்பாட்டினார். மிச்சத்துக்கு ஒருத்தருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படேல்லை.

பாசல் அவிழ்ந்த இடத்திலை மலரக்கா கண்ணை மூடினா. வந்து சாப்பிடுறன் எண்டு அவன் சொன்னதுக்கு, "ஓமடா" எண்டா, மெதுவாய். அருந்தவண்ணை எழும்பி வந்து அவவுக்குப் பக்கத்துக் கதிரையிலை இருந்தார். பிறகு அவரின்ரை மனிசியும் வந்து மற்றப் பக்கத்திலை இருந்தா. பதிவு முடியுமட்டும் மலரக்கா விழேல்லை. முடிஞ்சதும்தான் விழுந்தா.

*

விதியை மாத்தினவை. பூட்டு இன்னும் இருக்கு, இருக்கத்தான் வேணும். ஆனால் இப்ப மிசின் மறுத்தால் ஏன் எண்டு தமிழிலையும் சிங்களத்திலையும் வாயைத் திறந்து சொல்லும். காத்து அறிவிப்பு வந்திட்டுதெண்டால் மறுக்கவும் ஏலாது. அந்தப் புது விதிக்குச் சாருஜன்ரை பேரை வைக்கிறம் எண்டு கேட்டவை. மலரக்கா வேண்டாம் எண்டிட்டா. மிசினுக்கு என்ரை பிள்ளையின்ரை பேரோ எண்டு கேட்டாவாம்.

மாமியார் இந்த வருசம் குட்டி போட்டிருக்கிறா எண்டு ஃபர்ஸானா சொன்னா. புதுத் தோடும் பூட்டியாச்சு. சொல்லேக்கை அவ சந்தோசப்படவும் பயந்தா. பரவாயில்லை மிஸ், சந்தோசப்படுங்கோ எண்டன். எனக்கு அந்தச் சுறாவிலை கோவம் இல்லை. குடுத்ததைத் திண்டது. அதுக்கு வேறை என்ன தெரியும்?

இந்த முறை தொழில் தொடங்கிற நாளிலை கரையிலை பங்கு விட ஒருத்தரும் மலரக்காவைக் கூப்பிடேல்லை. அவவும் போகேல்லை. அவ போனது சங்கக் கட்டிடத்துக்கு. செற்றுக்கு முன்னாலை இருக்கிற கதிரையிலை போய் இருந்தா. அருந்தவண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் செற்றை அவவின்ரை பக்கமாய்த் தள்ளி வைச்சார். அண்டையிலை இருந்து அந்தக் கதிரை அவவின்ரை.

வெள்ளிக்கிழமையளிலை இப்ப நான்தான் அவவைப் பாக்கப் போறது. போன கிழமை போய் நிக்கேக்கை செற் கத்திச்சுது. புதுசாய்த் தொழிலுக்கு வந்த பெடியன் ஒருத்தன், குரலிலை நடுக்கம். மாமியார் வந்திட்டா, இஞ்சின் நிண்டிட்டுது, என்ன செய்யிறது எண்டு கேட்டான்.

"ஒண்டையும் தண்ணியிலை போடாதை மோனை" எண்டா மலரக்கா. "பாசல் கொண்டு போனியோ?"

"ஓம் அன்ரி."

"அதை அவிட்டுச் சாப்பிடு. ஆறுதலாய்ச் சாப்பிடு. நீ சாப்பிட்டு முடிய அவ போயிடுவா."

செற்றை வைக்காமல் காதோடை பிடிச்சுக் கொண்டு இருந்தா. கொஞ்சநேரத்தாலை அந்தப் பக்கத்திலை கடதாசி கசங்கிற சத்தம் கேட்டது.